சப்வால்யூம் பேக்கப்: ஒரே ஸ்கிரிப்ட், பல லினக்ஸ்

லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க் சப்வால்யூம்களாகப் பிரியும்: தனித்தனியாக மவுன்ட் செய்யக்கூடிய, அதாவது ஒரு ஃபோல்டரில் இணைக்கக்கூடிய பகுதிகள். சிஸ்டம் இருக்கும் ரூட் சப்வால்யூமின் பெயர் @. நம் ஃபைல்கள் இருக்கும் ஹோமுக்கு @ஹோம். ஃபெடோராவில் அவை வெறும் ‘ரூட்’, ‘ஹோம்’. டெபியன் 11 முதல் இன்ஸ்டாலர் @ரூட்எஃப்எஸ் என்று ஒரே ஒரு சப்வால்யூம் மட்டும் போட்டுக் கொடுக்கிறது. ஹோம் அதற்குள்ளேயே சாதாரண ஃபோல்டர். ஆர்ச்சின் இன்ஸ்டாலர் லாக் ஃபைல்களுக்கும் பேக்கேஜ் கேஷுக்கும்கூடத் தனித்தனியாக வெட்டும். ஓப்பன்சூசே இன்னும் பல படி மேலே: /வார், /ஆப்ட், /எஸ்ஆர்வி, /ரூட், /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று ஒரு பட்டாளமே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டின் உண்மையான முகவரியோ ‘@/.ஸ்னாப்ஷாட்ஸ்/1/ஸ்னாப்ஷாட்’. இது போதாதென்று, சப்வால்யூமே இல்லாமல் டிஸ்க்கின் உச்சியிலேயே நேரடியாகக் குடியிருக்கும் ரூட்டுகளும் உண்டு.

வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலுமாக இந்த வகைகளில் பெரும்பாலானவை என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்தான் பேக்கப் எடுக்கிறது. மெஷினுக்கு ஒரு ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்வது பேக்கப்பே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. நாலு ஸ்கிரிப்ட் இருந்தால் அதில் ஒன்றுதான் கவனிப்பில் இருக்கும், மற்ற மூன்றும் துருப்பிடித்துக் கிடக்கும். ஏதாவது ஆகிறபோது ஆவது அந்த மூன்றில் ஒன்றிலாகத்தான் இருக்கும்.

நான் பார்த்த பல ஸ்கிரிப்ட்கள் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து, உபுண்டுவா, ஃபெடோராவா என்று பார்த்து, அதற்கேற்ப @ அல்லது ரூட் என்று வைத்துக்கொள்கின்றன. இது தப்பான இடத்தில் கேட்கப்படும் கேள்வி. டிஸ்ட்ரோவின் பெயர், அந்த டிஸ்க்கை யார், எப்போது, எந்த இன்ஸ்டாலரால் பிரித்தார்கள் என்பதைச் சொல்லாது. ஒரே உபுண்டுவிலேயே பழைய இன்ஸ்டாலர் போட்ட மெஷின் ஒரு மாதிரி, கையால் பிரித்துப் போட்டது வேறு மாதிரி. அந்தத் தகவலை உறுதியாக வைத்திருப்பது கெர்னல் மட்டும்தான். அதனிடமே கேட்டுவிட வேண்டும்.

கேட்பதும் எளிது. ஃபைண்ட்மவுன்ட் கமாண்டிடம் எஃப்எஸ்ரூட் என்ற நெடுவரிசையைக் கேட்டால், இப்போது ரூட்டாக மவுன்ட் ஆகியிருப்பது டிஸ்க்கின் உச்சியிலிருந்து பார்த்தால் எந்தப் பாதையில் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். மின்ட்டில் /@ என்று வரும். ஃபெடோராவில் /ரூட். ஓப்பன்சூசேயில் அந்த நீளமான ஸ்னாப்ஷாட் முகவரி அப்படியே வரும். உச்சியிலேயே இருந்தால் வெறும் சாய்கோடு. எந்த டிவைஸ் என்பதைச் சோர்ஸ் நெடுவரிசை சொல்லும். ஆனால் அதில் டிவைஸ் பெயரோடு ஒட்டி அடைப்புக்குள் சப்வால்யூம் பாதையும் வந்து நிற்கும். சின்ன வி ஆப்ஷன் கொடுத்தால் அந்த ஒட்டு போய்விடும். பலர் இந்த அடைப்பை வெட்ட செட், ஆக் போன்ற உரை வெட்டும் கமாண்டுகளோடு போராடுகிறார்கள், தேவையே இல்லை. டிவைஸ் பெயரையும் அதற்கு மேல் நம்பக் கூடாது. லக்ஸ் என்கிரிப்ஷன் போட்ட மெஷினில் அது மேப்பர் பெயராக வரும், என்விஎம்இ என்றால் வேறு மாதிரி, பழைய எஸ்எஸ்டி என்றால் வேறு மாதிரி. ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியை (அதற்கே உரிய அடையாள எண்ணை) எடுத்துக்கொண்டு, அதன் பிறகு அதை வைத்தே பேசுவேன்.

அடுத்த வேலை, சப்வால்ஐடி=5 என்ற ஆப்ஷனோடு அதே ஃபைல்சிஸ்டத்தை /ரன் அடியில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் இன்னொரு முறை மவுன்ட் செய்வது. எந்த பிடிஆர்எஃப்எஸ் டிஸ்க்காக இருந்தாலும் 5 என்பது உச்சிக்கான எண். ஏற்கெனவே ரூட்டாக மவுன்ட் ஆகியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரே ஃபைல்சிஸ்டத்தை வெவ்வேறு சப்வால்யூம்களோடு பல இடங்களில் மவுன்ட் செய்ய பிடிஆர்எஃப்எஸ் அனுமதிக்கிறது. இப்படி உச்சியில் நின்று பட்டியல் கேட்டால், எல்லாப் பாதைகளும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும். டிஸ்ட்ரோ வித்தியாசம் என்று நாம் பயந்துகொண்டிருந்ததில் பாதி இந்த ஒரு மவுன்ட்டிலேயே கரைந்துவிடுகிறது.

மீதிப் பாதி, சப்வால்யூமுக்குள் சப்வால்யூம். என்னைக் கேட்டால் பேக்கப்பில் மிக அபாயமான இடம் இதுதான். எதுவுமே தப்பாக நடந்ததாகத் தெரியாமல் டேட்டா விட்டுப்போகும் இடம் இது.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஹோம் ரூட்டுக்குள்ளேயே சப்வால்யூமாக இருந்த ஒரு மெஷினில், ரூட்டை மட்டும் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நகல்) எடுத்து வெளி டிஸ்க்குக்கு அனுப்பியிருந்தார். பிறகு அந்த ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “அண்ணே, ஹோம் ஃபோல்டர் இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. எர்ரரும் வரல.”

“ஸ்டாட் போட்டு ஐநோட் நம்பர் பாருங்க.”

“ரெண்டுன்னு காட்டுதுண்ணே.”

அது போதும். ஐநோட் என்பது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஃபைல்சிஸ்டம் கொடுக்கும் எண். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஒரு சப்வால்யூமின் வாசலுக்கு ஐநோட் எண் எப்போதும் 256. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது உள்ளே இன்னொரு சப்வால்யூம் இருந்தால், அதன் உள்ளடக்கம் வராது. அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் மட்டும் நிற்கும். அதன் ஐநோட் எண் 2. ஸ்னாப்ஷாட் ஒரு சப்வால்யூமின் எல்லையோடு நின்றுவிடும் என்பது வடிவமைப்பிலேயே உள்ளது. எர்ரர் வராததற்கும் அதுதான் காரணம். நல்லவேளையாக அந்த மெஷின் உயிரோடுதான் இருந்தது. அன்றைக்கே எல்லாச் சப்வால்யூம்களையும் சேர்த்து அனுப்பிவிட்டோம்.

அதனால் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஸ்கிரிப்ட்டில் பெயர் எழுதி வைப்பதை விட்டுவிட்டேன். உச்சியிலிருந்து எல்லாவற்றையும் பட்டியல் எடுத்து, வேண்டாதவற்றைக் கழிக்கிறது ஸ்கிரிப்ட். எடுக்க வேண்டியதைப் பட்டியலிட்டால் மறந்தது விட்டுப்போகும். வேண்டாததைப் பட்டியலிட்டால் மறந்தது கூடுதலாக வந்து சேரும். இரண்டாவதில் இடம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான்.

கழிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர், பிடிஆர்எஃப்எஸ் டிரைவரில் ஓடினால் இமேஜின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சப்வால்யூம் உண்டாக்கும், அவை வேண்டாம். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானாகவே /வார்/லிப் அடியில் மெஷின்ஸ், போர்ட்டபிள்ஸ் என்று இரண்டை உண்டாக்கி வைக்கும். பெரும்பாலும் காலி, ஆனால் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்னாப்பர் என்ற கருவி எடுத்து வைத்த பழைய ஸ்னாப்ஷாட்கள் வேண்டாம். எனவே ‘.ஸ்னாப்ஷாட்ஸ்’ என்று பாதையில் வந்தால் கழித்துவிடு என்று விதி எழுதத் தோன்றும். எழுதினால் ஓப்பன்சூசேயில் ரூட்டே கழிந்துபோகும், ஏனென்றால் அங்கே உயிரோடு ஓடும் ரூட் குடியிருப்பதே அதற்குள்தான். எனவே என் விதிகளில் முதலாவது: இப்போது மவுன்ட் ஆகியிருக்கும் எதையும், அது எந்தப் பாதையில் இருந்தாலும், கழிக்கக் கூடாது. மற்ற விதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவற்றை நோகவ் கொடி (நகலெடுக்காமல் அதே இடத்திலேயே மாற்றி எழுது என்பது) போட்ட ஃபோல்டரில் வைப்பது வழக்கம். ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு முதல் முறை எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கும் எப்படியும் வேறு இடத்துக்கு நகல் ஆகும். தினமும் ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்தக் கொடியின் பலன் கரைந்து, இமேஜ் துண்டு துண்டாகச் சிதறும். இமேஜ்களுக்குத் தனிச் சப்வால்யூம் கொடுத்து, தினசரிச் சுற்றிலிருந்து விலக்கி, மெஷினை நிறுத்திவிட்டு அவ்வப்போது எடுப்பதுதான் சரி. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் இருந்தால் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னால் ஒரு டம்ப், அதாவது டேட்டாவை ஃபைலாக வெளியே எழுதி வைப்பது. ஸ்னாப்ஷாட் தருவது திடீரென்று கரண்ட் போன நொடியின் நிலையை. நல்ல டேட்டாபேஸ் அதிலிருந்து எழுந்துவிடும்தான். டம்ப் இருந்தால் வேறு வெர்ஷனிலும் ஏற்றலாம்.

இனி அனுப்பும் வேலை. பிடிஆர்எஃப்எஸ்ஸை கிறிஸ் மேசன் ஆரக்கிளில் இருந்தபோது 2007-இல் தொடங்கினார். 2009-இல் 2.6.29 கெர்னலோடு வெளிவந்தது. ஸ்னாப்ஷாட்டை இன்னொரு டிஸ்க்குக்கு அனுப்பி வாங்கும் சென்ட், ரிசீவ் வசதி 2012-இல் 3.6 கெர்னலில்தான் சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த ஃபைல்சிஸ்டத்தில் உள்ள மிகப் பெரிய நன்மை இதுதான். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி, எது மாறியது என்று கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபைலையும் எட்டிப் பார்க்க வேண்டும். சென்ட் இரண்டு ஸ்னாப்ஷாட்களின் மரங்களை ஒப்பிட்டு, பொதுவாக இருக்கும் கிளைகளை அப்படியே தாண்டிப் போய்விடும். லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் உள்ள ஹோமில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஒரு ஃபைலின் பெயரை மாற்றியிருந்தால் பெயர் மாற்றம் மட்டும் போகும். உள்ளடக்கம் மறுபடி போகாது. தவிர, டிஸ்க்கில் ஒரு பிளாக் கெட்டுப்போய், மாற்றுப் பிரதியும் இல்லாமல் செக்சம் (சரிபார்ப்பு எண்) தவறினால் சென்ட் அந்த இடத்தில் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். கெட்டது நல்லது போல பேக்கப்புக்குப் போய்ச் சேராது.

வித்தியாசத்தை மட்டும் அனுப்ப இரண்டு பக்கமும் ஒரு பொதுவான பெற்றோர் ஸ்னாப்ஷாட் இருக்க வேண்டும். அது எது என்று ஸ்கிரிப்ட் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் பெயரை வைத்து: இங்கே ஹோம்-தேதி என்று ஒன்று, அங்கேயும் அதே பெயரில் ஒன்று, ஆகவே இரண்டும் ஒன்று. ஊரில் ஒரு நிலத்தை ‘கிணத்து மேட்டு வயல்’ என்று நாலு பேர் நாலு வயலைச் சொல்வார்கள். பத்திரத்தில் பேசுவது சர்வே எண்தான். இங்கே அந்த எண் யூயூஐடி. ஒவ்வொரு சப்வால்யூமுக்கும் ஒரு யூயூஐடி உண்டு. ரிசீவ் முடிந்ததும், மூலத்தின் யூயூஐடியை அந்தப் பக்கத்து நகலில் ‘ரிசீவ்டு யூயூஐடி’ என்ற இடத்தில் எழுதி வைக்கிறது. இங்கே உள்ள யூயூஐடியும் அங்கே உள்ள ரிசீவ்டு யூயூஐடியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்று. பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

சப்வால்யூம் லிஸ்ட் கமாண்டில் சின்ன யூ கொடுத்தால் யூயூஐடி, பெரிய ஆர் கொடுத்தால் ரிசீவ்டு யூயூஐடி. கவனம்: சின்ன ஆர் என்றால் ரீட்-ஒன்லி மட்டும் காட்டு என்று அர்த்தம், அது வேறு வேலை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. இங்கே இருக்கும் ஸ்னாப்ஷாட்டே ஒரு காலத்தில் பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டதாக இருந்தால், அதற்கே ஒரு ரிசீவ்டு யூயூஐடி இருக்கும். அப்போது சென்ட் அதைத்தான் அடையாளமாக அனுப்பும், சொந்த யூயூஐடியை அல்ல. எனவே ஒப்பிடும்போது இந்தப் பக்கம் ரிசீவ்டு யூயூஐடி இருந்தால் அது, இல்லையென்றால் யூயூஐடி. இந்த ஒரு நிபந்தனை இல்லாத ஸ்கிரிப்ட், மெஷினை மீட்டெடுத்த மறுநாளே பெற்றோர் கிடைக்கவில்லை என்று முழுப் பேக்கப்பையும் மறுபடி முதலிலிருந்து அனுப்பத் தொடங்கும்.

இதே ரிசீவ்டு யூயூஐடிதான் அனுப்பியது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் சாட்சி. பாதியில் யூஎஸ்பி கேபிள் ஆடினாலோ வைஃபை அறுந்தாலோ, அங்கே அரைகுறைச் சப்வால்யூம் ஒன்று நிற்கும். பெயர் சரியாக இருக்கும், உள்ளே ஃபைல்களும் இருக்கும், பார்ப்பதற்கு முழுசு போலவே இருக்கும். ஆனால் அது ரீட்-ஒன்லி ஆகியிருக்காது, ரிசீவ்டு யூயூஐடி இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். ரிசீவ் அந்த முத்திரையைக் குத்துவது கடைசி வேலையாகத்தான். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் அனுப்பி முடித்ததும் ‘ஷோ’ கமாண்ட் போட்டு இந்த இரண்டையும் பார்க்கும். இல்லையென்றால் அந்த நகலை அழித்துவிட்டுத் தோல்வி என்று அறிவிக்கும். இங்கே பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்குவது இந்தச் சோதனை தேறிய பிறகுதான்.

கமாண்ட் வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எக்ஸிட் கோடை மட்டும் நம்பினால் என்ன? சென்டும் ரிசீவும் ஒரு பைப்பில் இணைகின்றன. பைப்பின் எக்ஸிட் கோடு சாதாரணமாகக் கடைசிக் கமாண்டுடையது. சென்ட் விழுந்தது தெரிய வேண்டுமென்றால் பைப்ஃபெயில் ஆப்ஷன் வேண்டும். பேஷ் ஷெல்லில் அது நெடுங்காலமாக இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் /பின்/எஸ்ஹெச் என்பது டேஷ் என்ற வேறு ஷெல். ஃபெடோராவில் அதே பாதை பேஷுக்குப் போகிறது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எஸ்ஹெச் என்று எழுதி, ஃபெடோராவில் சோதித்து, டெபியன் சர்வரில் போட்டால் டேஷ் பைப்ஃபெயிலை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். முதல் வரியிலேயே பேஷ் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இதே ரகத்தில் இன்னொன்று: பிடிஆர்எஃப்எஸ் கமாண்ட் சில டிஸ்ட்ரோக்களில் பின் ஃபோல்டரிலும் சிலவற்றில் எஸ்பின்னிலும் இருக்கும். நேரம் வைத்து ஸ்கிரிப்ட்டை ஓட்டும் கிரான் கொடுக்கும் பாத்தில் (கமாண்டைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) எஸ்பின் இல்லாமல் போகலாம். கையால் ஓட்டும்போது வேலை செய்த ஸ்கிரிப்ட் ராத்திரியில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பாத்தை ஸ்கிரிப்ட்டே முழுதாக அமைத்துக்கொள்ளட்டும்.

கிரானைவிட சிஸ்டம்டி டைமர் எனக்குப் பிடிக்கும். ஆர்ச்சில் கிரான் நாமாகப் போட்டால்தான் உண்டு, ஆனால் இந்த எல்லா டிஸ்ட்ரோவிலும் சிஸ்டம்டி இருக்கிறது. பெர்சிஸ்டன்ட் என்று ஒரு வரி சேர்த்தால், மூடிக் கிடந்த லேப்டாப் திறந்ததும் தவறிய பேக்கப் தானாக ஓடும். சிஸ்டம்டி-இன்ஹிபிட் வழியாக ஓட்டினால் அனுப்பி முடியும்வரை லேப்டாப் தானாகத் தூங்கப் போகாது.

பேக்கப் போகும் டிஸ்க்கும் பிடிஆர்எஃப்எஸ்ஸாகவே இருக்க வேண்டும். எக்ஸ்டி4 டிஸ்க்கில் சென்ட் ஸ்ட்ரீமை ஒரு ஃபைலாகச் சேமித்து வைக்கலாம்தான். நான் செய்ய மாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். அந்த ஃபைலுக்குள் எட்டிப் பார்த்து ஒற்றை ஃபோட்டோவை எடுக்க முடியாது. சங்கிலியில் ஒரு ஃபைல் கெட்டால் அதற்குப் பிந்தைய எதையும் ஏற்ற முடியாது. டிடி போட்டு டிஸ்க்கையே நகலெடுப்பது இன்னும் மோசம்: ஒரே யூயூஐடியோடு இரண்டு பிடிஆர்எஃப்எஸ் டிஸ்க்குகள் ஒரே மெஷினில் இருப்பது டேட்டா நாசமாவதற்கான நேர்வழி.

6.0 கெர்னலில் சென்ட்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. கம்ப்ரஸ் ஆன டேட்டாவைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பலாம். ஃபெடோரா 34 முதலே இசட்எஸ்டிடி கம்ப்ரஷன் தானாகப் போட்டு வருவதால் அங்கே இது நல்ல பலன் தரும். ஆனால் வாங்கும் பக்கம் பழைய டெபியனாக இருந்தால் அந்த ஸ்ட்ரீம் புரியாது. இரண்டு பக்கமும் என்ன வெர்ஷன் என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்கிரிப்ட் அந்த ஆப்ஷனைத் தொடும். சந்தேகம் என்றால் முதல் பதிப்பு.

பல மெஷின்களில் ஸ்னாப்ஷாட்டில் வராத ஒன்று /பூட். ஃபெடோராவில் அது தனி எக்ஸ்டி4 பார்ட்டிஷன். எல்லா யூஇஎஃப்ஐ மெஷினிலும் இஎஸ்பி என்ற பூட் பார்ட்டிஷன் ஃபேட் ஃபார்மட்டில் இருக்கும். ரூட்டை மட்டும் போன மாத நிலைக்குத் திருப்பினால், கெர்னல் இந்த மாதத்தது, அதன் மாட்யூல்கள் போன மாதத்தவை. பூட் ஆகும், வைஃபை வராது, சவுண்ட் வராது, சில சமயம் ரூட்டே மவுன்ட் ஆகாது. அதனால் டிஸ்க்கின் உச்சியில் இதற்கென்றே ஒரு சின்னச் சப்வால்யூம் வைத்து, ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன் /பூட்டையும் இஎஸ்பியையும் அதற்குள் ஆர்சிங்க் செய்கிறது ஸ்கிரிப்ட். பிறகு அதுவும் மற்றவற்றைப் போல ஸ்னாப்ஷாட் ஆகி, அவற்றோடு கூடவே போகும்.

மீட்டெடுக்கும் பக்கம்தான் டிஸ்ட்ரோ வித்தியாசங்கள் மறுபடி தலைகாட்டும். பேக்கப்பிலிருந்து ரிசீவ் செய்து கொண்டுவந்த சப்வால்யூம் ரீட்-ஒன்லியாக இருக்கும். அதன் ப்ராப்பர்ட்டியை மாற்றி எழுதக்கூடியதாக்கத் தோன்றும், செய்யாதீர்கள். ரிசீவ்டு யூயூஐடி அப்படியே இருக்க உள்ளடக்கம் மட்டும் மாறினால், நாளை அதை நம்பி வரும் வித்தியாச ஸ்ட்ரீம் வேறு எதன் மேலோ போய் உட்காரும். இப்போதைய பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் கருவித் தொகுப்பு கட்டாய ஆப்ஷன் கொடுக்காமல் இதை அனுமதிப்பதில்லை, நல்லது. அதிலிருந்து எழுதக்கூடிய ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்து, அதற்கு @ என்றோ ரூட் என்றோ பழைய பெயரை வைப்பதே வழி. மின்ட்டிலும் ஃபெடோராவிலும் இதோடு வேலை முடிந்தது, ஏனென்றால் அவை பெயரை வைத்தே மவுன்ட் செய்கின்றன. ஆர்ச்சில் ஜென்எஃப்ஸ்டாப் போட்டிருந்தால், எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்ஸ்டாப் ஃபைலில் சப்வால் பெயரோடு சப்வால்ஐடி எண்ணும் இருக்கலாம். புதிய சப்வால்யூமுக்கு எண் வேறு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மவுன்ட் ஆகாது. எண்ணை அழித்துவிட்டு பெயரை மட்டும் விடுங்கள். ஓப்பன்சூசேயில் ரூட் மவுன்ட் ஆவது டிஸ்க்கின் டிஃபால்ட் சப்வால்யூமை வைத்து. செட்-டிஃபால்ட் கமாண்டால் புதியதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் ஏற்கெனவே கருவிகள் இல்லையா என்று கேட்பார்கள். ஸ்னாப்பர் அருமையானது. ஆனால் அதன் முக்கிய வேலை அதே டிஸ்க்குக்குள் ஸ்னாப்ஷாட்களை நிர்வகிப்பது. டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். டைம்ஷிஃப்ட்டும் பிடிஆர்எஃப்எஸ் முறையில் அப்படித்தான். கூடவே @, @ஹோம் என்ற உபுண்டு அமைப்பை எதிர்பார்க்கும். பிடிஆர்பிகே என்ற பெர்ல் கருவி பெற்றோரைத் தேடுவதை மிகச் சரியாகச் செய்கிறது. ஒரே மாதிரியான மெஷின்கள் வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தச் சப்வால்யூம்கள் என்று அதன் கான்ஃபிக் ஃபைலில் நாம்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பட்டியலை மெஷினே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த ஸ்கிரிப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது அதில் சேர்த்துக்கொண்டிருப்பது ஓர் ஒப்பீட்டு அறிக்கை. சுற்று முடிந்ததும், புதிய ஸ்னாப்ஷாட்கள் ஒவ்வொன்றிலும் ஐநோட் எண் 2 உள்ள ஃபோல்டர்களைத் தேடும். அந்தப் பாதைக்கான சப்வால்யூம் இதே சுற்றில் தனியாக அனுப்பப்பட்டிருக்கிறதா, அல்லது கழிக்கும் விதிகளில் எதனால் கழிந்தது என்று பக்கத்திலேயே எழுதும். இரண்டும் இல்லையென்றால் அந்தச் சுற்று முழுவதுமே தோல்வி என்று மெயில் வரும். மின்ட்டிலும் ஃபெடோராவிலும் ஓடிவிட்டது, அடுத்தது ஓப்பன்சூசே.